எந்த ஊரில் என்ன போதை? குடியும் போதைப்பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மது பற்றிய பேச்சு எடுத்தாலே “எங்க ஊர்லதான் அதிகம்” என்று ஒருவர் சொல்வார். “கஞ்சாவுக்கு இது எவ்வளவோ தேவலாம்” என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சுக்கும் பதிலாக எழுதியது இது. இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணம் ஒரே ஒரு இடத்தில் வரும்.

எண்கள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, 2019–21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு. அதில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கணக்கெடுத்தார்கள். மற்றொன்று, மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு. அதில் 10 முதல் 75 வயது வரை. வீட்டு வாசலில் வந்து நிற்கும் அந்நியரிடம் “ஆமாம், குடிப்பேன்” என்று எல்லோரும் சொல்லிவிட மாட்டார்கள். அதனால் இந்த எண்களைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் குடிக்கும் மாநிலம் எது?

ஆண்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் அருணாசலப் பிரதேசம், 53. அடுத்து தெலங்கானா 43, சிக்கிம் 40. கோவாவிலும் 37. தமிழ்நாடு 25, கேரளம் 20. நாட்டின் சராசரி ஏறத்தாழ 19. கடைசியில் லட்சத்தீவு. அங்கே ஒரு சதவீதம்கூட இல்லை.

எய்ம்ஸ் ஆய்வைத் திறந்தால் வரிசை மாறிவிடும். சத்தீஸ்கர், திரிபுரா, பஞ்சாப் ஆகியவை மேலே ஏறிவிடும். அங்கே வயது வரம்பு வேறு, ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் “குடியில் முதலிடம்” பட்டியல்கள் இப்படி ஏதோ ஒரு ஆய்விலிருந்து ஒரே ஒரு நெடுவரிசையை உருவி எடுத்தவைதான்.

கேரளம் இருபதுதானா? நம்ப முடியவில்லையே!

“அதிகம் குடிக்கும் மாநிலம்” என்ற பெயர் கேரளத்துக்கு வந்தது அரசு மதுக்கடைகளின் விற்பனைக் கணக்கிலிருந்து. ஓணம் வந்தால் எத்தனை கோடிக்கு விற்றது என்று தலைப்புச் செய்தி வரும். ஆய்வோ தலையை எண்ணுகிறது, லிட்டரை எண்ணுவதில்லை. குடிப்பவர் குறைவாக இருந்து, குடிக்கிறவர் ஒவ்வொருவரும் நிறையக் குடித்தால் விற்பனை எகிறும், சதவீதம் ஏறாது. “எத்தனை பேர்”, “எவ்வளவு” என்ற இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதி சண்டை வருகிறது.

பெண்கள் குடிப்பதில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

தமிழ்நாட்டில் 0.3 சதவீதம், கேரளத்தில் 0.2. அருணாசலத்திலோ 24, சிக்கிமில் 16. ஜார்க்கண்டிலும் தெலங்கானாவிலும் ஆறேழு சதவீதம்.

பெண்கள் குடிக்கும் இடங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். அங்கெல்லாம் மது வீட்டிலேயே தயாராகிறது, அல்லது ஊருக்குள்ளேயே மரத்திலிருந்து இறங்குகிறது. அருணாசலத்தின் அபோங் அரிசியைப் புளிக்கவைத்து எடுப்பது. தயாரிப்பது பெண்கள், விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுப்பதும் பெண்கள். ஜார்க்கண்டின் ஹண்டியாவும் அரிசிதான். சந்தையில் பானையோடு உட்கார்ந்து விற்பதும் பெண்களே. சிக்கிமில் கேழ்வரகைப் புளிக்கவைத்து மூங்கில் குவளையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழாயால் உறிஞ்சுகிறார்கள். தோங்பா என்று பெயர். வெந்நீர் தீரத் தீர ஊற்றிக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்காரலாம்.

ஆனால் “வடகிழக்கு என்றாலே குடி” என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. நாகாலாந்திலும் மிசோரமிலும் குடிக்கும் பெண்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அங்கே திருச்சபைகளின் பிடி பலமானது. மதுவிலக்கைக் கேட்டு வாங்கியவையே அவைதான். மலைத்தொடர் ஒன்றாக இருந்தாலும் வழக்கம் வேறு.

மற்ற இடங்களில் என்ன குடிக்கிறார்கள்?

கோவாவில் முந்திரிப் பழத்தைப் பிழிந்து காய்ச்சும் ஃபெனி. 2009-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் காய்ச்சலில் இறங்கும் லேசான உர்ராக் கோடையில் மட்டும்தான். பஸ்தர் தொடங்கி மத்திய இந்தியக் காடுகள் நெடுக இலுப்பைப் பூவில் இறக்கும் மஹுவா. கேரளத்தில் கள்ளுக்கடை, கூடவே கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும். லடாக்கில் பார்லியில் செய்யும் சாங்.

இவையெல்லாம் சொல்வதற்கு அழகு. எய்ம்ஸ் கணக்கின்படி நாட்டில் அதிகம் குடிக்கப்படுபவை நாட்டுச் சாராயமும், பிராந்தி, விஸ்கி, ரம் வகையறாவும்தான். இந்தியக் குடி பெரும்பாலும் கடும் மதுதான். பீரும் ஒயினும் ஓரமாகத்தான் நிற்கின்றன.

தமிழ்நாட்டுக் குடி தனி ரகமா?

என் பார்வையில், ஆமாம். குடிக்கும் வேகம்தான் தனி.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். வாசலில் ஒருவர் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரைப் பார்ப்பார். கையில் பாதிப் பணம் இருக்கும். “அண்ணே, கட்டிங்?” என்பார். முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து ஒரு குவார்ட்டர் வாங்குவார்கள். இரண்டு டம்ளரில் கண்ணளவில் சரிபாதியாக ஊற்றுவார்கள். அந்த அளவில் துளிகூட ஏமாற்று இருக்காது. தண்ணீர் கலந்து ஒரே மடக்கு, ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய், வாயைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசை. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். 650 மில்லி சாதாரண பீர் புட்டி ஒன்றில் 5 சதவீதம் என்றால் 25 கிராம்தான். ஒரு குவார்ட்டரைத் தனியாக அடிப்பவர் இரண்டு பீருக்கு மேல் குடித்துவிடுகிறார், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடத்தில், பெரும்பாலும் வெறும் வயிற்றில். ஈரலுக்கு மணிக்குப் பத்து கிராம் அளவில்தான் வேலை செய்யத் தெரியும். மீதி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏன் இந்த அவசரம்? வீட்டில் குடிக்க முடியாது, ஊரில் பார்த்துவிடுவார்கள், பாரில் உட்கார்ந்தால் செலவு. குடி இங்கே சாப்பாட்டோடும் சேரவில்லை, விருந்தோடும் சேரவில்லை. தப்பு செய்வது போல ஒளிந்து, சீக்கிரம் முடித்துவிட்டுப் போகும் காரியமாகிவிட்டது. அருணாசலத்தில் இரண்டு மடங்கு ஆண்கள் குடிக்கிறார்கள் என்பதற்காக அங்கே சேதமும் இரண்டு மடங்கு என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கையைவிடக் குடிக்கும் விதம்தான் பல சமயம் உடம்பைத் தீர்மானிக்கிறது.

டாஸ்மாக் இருக்கிறது, கள் மட்டும் ஏன் தடை?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் தளர்ந்து, 1974-ல் திரும்ப வந்து, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடையாயின. 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. 2023–24-ல் இதன் வழியே அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

கள்ளில் ஆல்கஹால் 4 முதல் 6 சதவீதம் அளவில் இருக்கும், பீர் மாதிரி. “இறக்கி விற்றால் கலப்படம் வரும், கண்காணிக்க முடியாது” என்பது அரசு சொல்லும் காரணம். அது முழுப் பொய்யும் இல்லை, கீழே தெலங்கானா கதையைப் பாருங்கள். ஆனால் எல்லை தாண்டினால் புதுச்சேரியில் கள்ளும் உண்டு, சாராயக்கடையும் உண்டு. கேரளம் 1996-ல் சாராயத்தைத் தடை செய்தது, கள்ளை விட்டுவைத்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கள் விற்கிறார்கள், பனஞ்சாராயமும் வடிக்கிறார்கள். அங்கெல்லாம் முடிந்த கண்காணிப்பு இங்கே முடியாது என்பதை ஏற்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மதுவிலக்கு உள்ள மாநிலங்களில் யாரும் குடிப்பதில்லையா?

குஜராத்தில் மாநிலம் பிறந்த 1960 முதல் மதுவிலக்கு. ஆய்வில் ஆண்கள் 6 சதவீதத்தை ஒட்டி வருகிறார்கள், நாட்டிலேயே குறைந்த அளவுகளில் ஒன்று. பீகாரில் 2016 ஏப்ரலில் வந்தது. அதற்குப் பின் நடந்த ஆய்வில் பீகார் ஆண்கள் 15.5 சதவீதம், மதுவிலக்கு இல்லாத மகாராஷ்டிரத்தில் 13.9.

இதை வைத்து “மதுவிலக்கு தோல்வி” என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. பீகார் கிராமத்துப் பெண்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். வீதியில் தள்ளாடுபவர்கள் குறைந்தார்கள், வீட்டில் அடி குறைந்தது என்பார்கள். அதே பீகாரில்தான் 2022 டிசம்பரில் சாரன் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மிசோரம் 1997-ல் தடை போட்டது, 2015-ல் கடைகளைத் திறந்தது, 2019-ல் மறுபடி மூடியது. மணிப்பூர் 1991-ல் போட்ட தடையை 2023-ல் ஓரளவு தளர்த்தியது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்பு 1995-ல் முழு மதுவிலக்கு வரை போய், இரண்டே ஆண்டில் கஜானா காலியானதும் கரைந்தது.

மதுவைத் தடுத்தால் எல்லோரும் கஞ்சாவுக்கும் ஊசிக்கும் போய்விடுவார்களா?

கொஞ்சம் பேர் போவார்கள். எல்லோரும் என்பது கடை திறக்க விரும்புபவர்கள் சொல்லும் வாதம்.

பஞ்சாபில் மதுவிலக்கு இல்லை, கடைக்குப் பஞ்சமும் இல்லை. ஆனாலும் ஹெராயின் வந்தது. மணிப்பூரில் “நம்பர் 4” என்று அழைக்கப்படும் ஹெராயின் 1980-களிலேயே பரவிவிட்டது, மதுவிலக்கு வந்தது அதற்குப் பிறகு. இரண்டு இடத்துக்கும் பொதுவானது எல்லை. பஞ்சாபுக்கு மேற்கே ஆப்கானிஸ்தான் அபின் வரும் பாதை, மணிப்பூருக்கும் மிசோரமுக்கும் கிழக்கே மியான்மர். போதைப்பொருள் பரவுவதில் ஊர் எந்தச் சாலையில் இருக்கிறது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. எய்ம்ஸ் ஆய்வில் அபின் வகைப் போதை அதிகம் உள்ளவை மிசோரம், நாகாலாந்து, அருணாசலம், சிக்கிம், மணிப்பூர்.

அருணாசலமும் சிக்கிமும் குடியிலும் மேலே, அபினிலும் மேலே. ஒன்று கிடைத்தால் இன்னொன்று வராது என்ற கணக்கு அங்கே ஒத்துவரவில்லை.

தெலங்கானாக் கள் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?

குடியும் போதைப்பொருளும் ஒரே குவளையில் கலந்த இடம் அது. மரத்தில் இறங்கும் கள் தேவைக்குப் போதாது. அதனால் நகரத்துக் கள் கடைகள் பலவற்றில் தண்ணீர், சாக்கரின், கொஞ்சம் கள், கூடவே தூக்க மருந்துகள். முன்பு குளோரல் ஹைட்ரேட், பிறகு டயசெபாம், இப்போது அல்பிரசோலம். குடிப்பவருக்கு இது தெரியாது. “நல்ல ஏத்தம்” என்று நினைத்துக்கொள்வார்.

அதிகாரிகள் சோதனை நடத்திக் கலப்படத்தை நிறுத்தியதும், சில நாளில் மருத்துவமனைகளில் கூட்டம் சேரும். கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பேசுவது, கடித்துவைக்க வருவது. கள் குடிப்பதாக நினைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தூக்க மருந்துக்கு அடிமையாகி இருந்திருக்கிறார்கள். “நான் கள்ளு மட்டும்தாங்க குடிப்பேன்” என்பதை டாக்டர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மதுவும் ஒரு போதைப்பொருள்தானே? பிறகு ஏன் தனியாகப் பேசுகிறோம்?

உடம்புக்குத் தனி இல்லை, சட்டத்துக்குத் தனி. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் எல்லைக்கு எல்லை விதி மாறுகிறது. கஞ்சா, அபின், ஹெராயின் எல்லாம் 1985-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை ஒரே தண்டனை.

அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. கஞ்சாச் செடியின் பூவும் பிசினும் குற்றம், தனி இலை குற்றத்தில் சேராது. அதனால் வாரணாசியிலும் ஜெய்சல்மேரிலும் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்க அரசு உரிமம் பெற்ற கடைகள் நடக்கின்றன. ஹோலி, சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு குடிப்பார்கள். அதே இலையை மதுரையில் பொட்டலம் கட்டி வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ராஜஸ்தானின் மார்வார் பகுதியில் துக்க வீட்டிலும் கல்யாண வீட்டிலும் அபினைத் தண்ணீரில் கரைத்து உள்ளங்கையில் ஊற்றிக் கொடுப்பது மரியாதை. அதை மறுப்பவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தனி அறையில் “ஏற்பாடு” செய்வது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எது அதிகம் பேரைப் பாதிக்கிறது?

மது. பக்கத்தில்கூட எதுவும் வராது. எய்ம்ஸ் கணக்கில் குடிப்பவர்கள் 16 கோடி. அவர்களில் உதவி தேவைப்படும் அளவுக்குப் போனவர்கள் 5.7 கோடி. கஞ்சா, பாங்கு எடுப்பவர்கள் 3.1 கோடி, உதவி தேவைப்படுபவர்கள் 72 லட்சம். அபின், ஹெராயின், வலி மாத்திரை எல்லாம் சேர்த்து 2.26 கோடி, உதவி தேவைப்படுபவர்கள் 77 லட்சம். ஊசி போட்டுக்கொள்பவர்கள் எட்டரை லட்சம்.

விகிதத்தைக் கவனியுங்கள். குடிப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சிக்கலில் இருக்கிறார். அபின் வகையிலும் ஏறத்தாழ அதேதான். “குடி என்பது பழக்கம், அது வேறு” என்ற பேச்சை இந்த ஓர் ஒப்பீடு ஆட்டம் காணச் செய்கிறது. உலக அளவிலும், 2019-ல் மதுவால் 26 லட்சம் பேர், போதைப்பொருளால் 6 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அப்போ ஹெராயின் அவ்வளவு ஆபத்தில்லையா?

அப்படி இல்லை. ஒரு தனி மனிதருக்கு ஹெராயின் மிக ஆபத்து. அளவு கொஞ்சம் கூடினால் மூச்சு நின்றுவிடும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி. மணிப்பூர் அதை 1990-களில் நேரடியாகப் பார்த்தது.

ஆனால் நிறுத்தும்போது கதை தலைகீழ். ஹெராயினை நிறுத்தினால் உடம்பு வலி, வாந்தி, பேதி, தூக்கமின்மை, நரக வேதனை. உயிர் போவது அரிது. ஆண்டுக்கணக்கில் தினம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். “சாமிக்கு மாலை போட்டாச்சு, இன்னிக்கே நிறுத்திட்டேன்” என்று வைராக்கியமாக நிறுத்தியவர் நான்காம் நாள் அவசரப் பிரிவில் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடப்பதை நம் அரசு மருத்துவமனைகளில் வேலை செய்யும் எந்தச் செவிலியரும் சொல்வார்.

இரண்டையும் சேர்ப்பது எல்லாவற்றிலும் மோசம். மது, தூக்க மாத்திரை, வலி மாத்திரை மூன்றுமே மூச்சை மந்தமாக்குபவை.

தமிழ்நாட்டில் இப்போது என்ன ஓடுகிறது?

கஞ்சா பெரும்பாலும் ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகள். பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றுகிறார்கள். வாயில் போடுவதற்காகச் செய்த மாத்திரையில் இருக்கும் மாவும் பிசினும் ரத்தக் குழாய்க்குள் போய் அடைக்கும், சீழ் பிடிக்கும். மிசோரமில் ஒரு வலி நிவாரணி கேப்சூலை இப்படித்தான் ஊசியில் ஏற்றிக் கைகால் புண்ணாகி அவதிப்பட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பக்கம் உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலங்கள்.

கஞ்சா மூலிகைதானே, குடியைவிடத் தேவலாம் இல்லையா?

எருக்கம்பாலும் மூலிகைதான். பதின்ம வயதில் தொடங்கினால் மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, அதிலும் குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தால்.

டாஸ்மாக் இருக்கும்போது கள்ளச்சாராயம் ஏன் வாங்குகிறார்கள்?

விலையும் நேரமும். பாக்கெட் சாராயம் மலிவான குவார்ட்டரின் பாதி விலைக்கும் கீழே. பகல் 12 வரை காத்திருக்க வேண்டாம், விடியற்காலையிலேயே தெருமுனையில் கிடைக்கும். கை நடுங்கிக்கொண்டு எழுந்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு அந்த ஆறு மணி நேரம் பெரிய விஷயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இப்படி வாங்கிக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் மெத்தனால். அது உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். குடித்த பல மணி நேரம் கழித்துத்தான் அறிகுறி தெரியும். கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் “போதை தெளியட்டும்” என்று படுக்கவைக்காதீர்கள். சீக்கிரம் கொண்டுபோனால் டயாலிசிஸ் காப்பாற்றும்.

நிறுத்த வேண்டும் என்றால் எங்கே போவது?

தினமும் குடிப்பவராக இருந்தால் வீட்டில் தானாக நிறுத்த வேண்டாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வலிப்பு வராமல் தடுக்க மருந்தும் தயமின் (பி1 வைட்டமின்) ஊசியும் கொடுத்து ஒரு வாரத்தில் கடக்க வைப்பார்கள். ஹெராயினுக்கும் வலி மாத்திரைக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை உண்டு. பஞ்சாபில் வெளிநோயாளி மையங்கள் மூலம் பெரிய அளவில் கொடுக்கிறார்கள். “ஒரு போதைக்கு இன்னொரு போதையா” என்று கேட்பவர்கள், நீரிழிவுக்காரர் இன்சுலின் போடுவதைக் கேட்பதில்லை.

எய்ம்ஸ் கணக்கில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு உதவியைப் பெறுகிறார். தேசிய உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, டாக்டர் தினமும் வருவாரா, வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் சேர்க்காமல் திரும்பிவிடுங்கள்.